ஒரே மலையில் எல்லாருக்கும் சரிவு கிடைக்குமா?

உவர்மலையில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. மார்கழி விடுமுறைக்கு ஐந்து பேராக சுவிஸுக்குப் போகிறார்கள், மனைவியின் அக்கா வீட்டுக்கு. தம்பிக்கு 44 வயது, பிறகு மனைவி, 17 வயது மகன், 9 வயது மகள், 68 வயது மாமி. ஒருவரும் பனியைக் கண்ணால் கண்டதில்லை. அங்கே இருக்கும் சகலன் குடும்பமோ பனிச்சறுக்கில் ஊறியது, அவர்களின் பெடியன் ஆகக் கடினமான கறுப்புச் சரிவில்தான் இறங்குவானாம். "எல்லாரும் ஒரே மலைக்குப் போனால் எல்லாருக்கும் ஏற்ற இடம் கிடைக்குமா? செர்மாட்டில் 360 கிலோமீட்டர் சரிவு இருக்காம், அங்கே போனால் சரிதானே?" என்று கேட்கிறார்.

கிடைக்கும் தம்பி. ஆனால் அந்தக் கிலோமீட்டர் கணக்கை முதலில் தூக்கி எறியுங்கள். முதல் மூன்று நாளும் உங்களுக்குத் தேவைப்படுவது ஒரு 300 மீட்டர்தான். மிச்சம் எல்லாம் சகலனின் மகனுக்கு. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: அந்த மலையில் ஆக இலகுவான சரிவு எந்த இடத்தில் இருக்கிறது, சறுக்காமலே அங்கே போகவும் திரும்பவும் வழி இருக்கிறதா? இதற்கு நல்ல பதில் உள்ள மலைதான் உங்கள் குடும்பத்துக்கு நல்ல மலை.

இதைச் சொல்ல நான் யார் என்றால், சுவிஸின் பெர்னர் ஓபர்லாந்து மலைப் பக்கம் ஒரு மலை உணவகத்தில் 14 வருடம் வேலை செய்தவன். கோப்பை கழுவத் தொடங்கி அடுப்படிக்கு ஏறினேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சமையல் தொடங்கும் வரை இரண்டரை மணித்தியாலம் ஓய்வு, பின்கதவைத் திறந்தால் சரிவு. 31 வயதில், கடலில் நீந்தி வளர்ந்தவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்ற திமிரில் சறுக்குப் பலகையைக் காலில் கட்டினேன். அந்தத் திமிர் முதல் பத்து நிமிடத்திலேயே போய்விட்டது. இப்போது உப்புவெளியில் நாலு அறை விடுதி நடத்துகிறேன், மாரி காலத்தில் ஆட்கள் வரமாட்டார்கள், அதனால் நீளமாக எழுத நேரம் இருக்கிறது.

முதலில் நிறங்கள். சுவிஸிலும் ஆஸ்திரியாவிலும் நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸில் நீலத்துக்கும் கீழே பச்சை என்று ஒன்று உண்டு. நீலச் சரிவு, இடையில் வரும் சிறு துண்டுகள் தவிர, 25 சதவீதத்துக்கு மேல் சாயக்கூடாது என்பது வழிகாட்டு விதி. அதாவது கிடையாக 100 மீட்டர் போனால் 25 மீட்டர் இறக்கம். சிவப்புக்கு 40. அதற்கு மேலே எல்லாம் கறுப்பு. வீட்டு மாடிப்படி ஏறக்குறைய 60 சதவீதம் வரும், அப்போ ஒரு கறுப்புச் சரிவின் மோசமான துண்டை மாடிப்படி மேல் பலகை அடித்து, பலகையில் சவர்க்காரம் பூசி, அதன் உச்சியில் நிற்பது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீலமும் சும்மா இல்லை. பிரெட்ரிக் கோட்டை வாசலால் உள்ளே போய் மான்களைப் பார்த்துக்கொண்டு கோணேசர் கோயிலுக்கு நடக்கும்போது அது ஏற்றம் என்றே நாங்கள் கணக்கெடுப்பதில்லை. வழுக்குகிற இரண்டு பலகையைக் காலில் கட்டி, மேலே நின்று அதே மாதிரி ஒரு பாதையைக் கீழே பார்த்துப் பாருங்கள், வயிற்றுக்குள் ஒன்று புரளும்.

இந்த நிறம் சரிவின் சாய்வைத்தான் சொல்லும், அன்றைய பனியைச் சொல்லாது. புதிதாகப் போகிறவர்களுக்கு இதை ஒருவரும் சொல்வதில்லை, எனக்கும் சொல்லவில்லை. இரவிரவாகப் பெரிய இயந்திரங்கள் சரிவு முழுக்க ஏறி இறங்கி பனியை அரைத்து அமுக்கி விடும். காலையில் போனால் ஈர மணலில் சீப்பு இழுத்தது போல நேர் நேராகக் கோடுகள், பலகை அதில் பதிந்து நிற்கும், நீங்கள் கெட்டிக்காரன் என்று உங்களுக்கே தோன்றும். பதினொரு மணிக்குள் ஆயிரம் பேர் அதன்மேல் இறங்கியிருப்பார்கள். மத்தியானத்துக்குப் பிறகு பனி அங்கங்கே குவியல், குவியலுக்கு நடுவில் சுரண்டப்பட்ட இடம், அந்த இடத்தில் பலகை ஏறும்போது கறகற என்று ஒரு சத்தம், அது பனி இல்லை, கட்டி ஐஸ். வெயில் மலைக்குப் பின்னால் போனதும் உருகியது எல்லாம் திரும்ப இறுகும். பின்னேரம் நாலு மணிக்கு ஒரு நீலச் சரிவு, காலை பத்து மணிக்கு இருந்த சிவப்பை விட மோசமாக இருக்கும். களைத்த கால், சாய்ந்த வெளிச்சம், வீட்டுக்கு அவசரப்படும் சனம், எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் சேரும். நான் பார்த்த முழங்கால் முறிவுகளில் அரைவாசிக்கு மேல் "கடைசியாக ஒரு தரம்" என்று போனவர்களுடையது.

அதனால்தான் இலகுவான சரிவு எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். சில இடங்களில் அது கிராமத்திலேயே, பஸ்ஸால் இறங்கினால் எதிரே இருக்கும். வசதி, ஆனால் ஆயிரம் மீட்டர் உயரத்தில் மார்கழியில் பனி போதுமோ என்பது அந்த வருடத்தின் பாடு. சில இடங்களில் இலகுவான சரிவு மலையின் மேலே அகலமாகக் கிடக்கும், பனி நிச்சயம், காட்சியும் அருமை, ஆனால் கீழே திரும்பும் வழி சிவப்பாக இருக்கும். அப்படியான மலையில் புதியவர்கள் கேபிள் காரிலேயே இறங்க வேண்டும். வெட்கப்பட ஒன்றும் இல்லை, நான் மூன்று வருடம் அப்படித்தான் இறங்கினேன். ஆகவும் பிழையான மலை எது என்றால், மேலே ஏற இருக்கை லிஃப்ட் மட்டும் இருக்கும், அதில் கீழ்நோக்கி ஆளை ஏற்றமாட்டார்கள், இறங்க வேறு வண்டியும் இருக்காது, உங்கள் மகள் நடுச்சரிவில் இருந்து அழுவாள்.

சரி, பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். உங்களுக்கு நான் சொல்வது கிரிண்டெல்வால்ட், இல்லாவிட்டால் அதன் மறுபக்கம் இருக்கும் வெங்கன். இரண்டும் ஒரே மலைத்தொடரின் இரண்டு பக்கம், நடுவில் க்ளைன ஷைடெக் என்ற கணவாய், 2,061 மீட்டர். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் ரயில். 1893ஆம் ஆண்டிலிருந்து பல்சக்கர ரயில் ஓடுகிற பாதை அது, குளிர்காலத்திலும் ஓடும். மாமி ஒரு பலகையையும் தொடாமல், சேலைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, ரயிலில் இருந்தபடியே ஷைடெக்கில் போய் இறங்கி, ஐகர் மலையின் வடக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கலாம். நீங்கள் எல்லாரும் எந்தப் பக்கம் போயிருந்தாலும் மத்தியானம் அங்கே வந்து சேரலாம். குடும்பம் ஒன்று சேர்கிற இடம் சறுக்குத் தெரியாதவருக்கும் எட்டுகிற இடமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே மலைக்குப் போய் என்ன பயன்?

மகளுக்கும் உங்கள் இருவருக்கும் முதல் நாட்கள் கிரிண்டெல்வால்டில் பொட்மி என்ற பழகும் இடம். கிராமத்துக்குச் சற்று மேலே, தட்டையான சரிவு, நகரும் கம்பளம் போல ஒரு பட்டி ஆளை நிற்கவைத்தே மேலே கொண்டு போகும். வெங்கனில் தங்கினால் ஊர் நடுவிலேயே அப்படி ஒரு சரிவு இருக்கிறது, அங்கே கார் கிடையாது, லௌட்டர்புருன்னனில் இருந்து ரயிலில்தான் ஏற வேண்டும். மூன்றாம் நாலாம் நாள் கால் கேட்கத் தொடங்கியதும் மென்லிஹென் மலைக்குப் போங்கள், கேபிள் கார் நேரே மேலே விடும், அங்கே இருக்கும் நீலச் சரிவுகள் விளையாட்டுத் திடல் அகலம். அகலம் முக்கியம் தம்பி. ஒடுக்கமான நீலத்தை விட அகலமான சிவப்பு புதியவனுக்கு நல்லது என்று சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. அது கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் திரும்ப இடம் இருந்தால் பயம் பாதியாகும் என்பது உண்மை.

சகலனின் மகனுக்கு அங்கே லௌபர்ஹோர்ன் இருக்கிறது. 1930இல் இருந்து தை மாதத்தில் பந்தயம் நடக்கிற சரிவு, உலகக் கோப்பைப் பந்தயங்களில் ஆக நீளமான இறக்கம் அதுதான், ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். பந்தயக்காரர்கள் இரண்டரை நிமிடம் அளவில் கீழே வந்துவிடுவார்கள், ஓரிடத்தில் வேகம் 160 கிலோமீட்டரைத் தொடும். பந்தயமும் அதற்கான ஆயத்தமும் இல்லாத நாட்களில் அந்தப் பாதை பொதுச்சனத்துக்குத் திறந்திருக்கும். பெடியன் காலையில் அங்கே போகட்டும். 2020 மார்கழியில் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் ஐகர் பனியாற்று நிலையத்துக்குக் கால் மணித்தியாலத்தில் கொண்டுபோய் விடும், அங்கே இருந்து கறுப்பும் சிவப்பும் தாராளம்.

செர்மாட் மோசம் என்று சொல்லவில்லை. அந்த 360 கிலோமீட்டரில் எல்லை தாண்டிய இத்தாலிப் பக்கமும் சேர்ந்திருக்கிறது. 3,883 மீட்டர் வரை கேபிள் கார் போகிறது, வருடம் முழுக்கச் சறுக்கலாம், சுன்னெகாவில் பிள்ளைகள் பழகும் இடம் 2,288 மீட்டரில் இருப்பதால் பனிக்குக் குறையில்லை. ஆனால் காசு. அதோடு சிவப்புச் சரிவு கூடின மலை அது, நடுத்தர ஆட்களுக்குத்தான் சொர்க்கம். ஐந்து பேரில் ஐந்து பேரும் புதிது என்றால் மற்றர்ஹோர்ன் மலையைப் பார்க்க ஒரு நாள் போய் வாருங்கள், போதும். டிட்லிஸ் என்ற பெயரையும் சகலன் சொல்லியிருப்பார், நம் சனம் எல்லாம் போகிற இடம், சுழலும் கேபிள் கார் 1992இல் இருந்து ஓடுகிறது. அதன் உச்சியில் போய் நின்று பார்த்துப் படம் எடுங்கள், அங்கே இருந்து சறுக்கி இறங்கும் எண்ணம் வேண்டாம், மேல்பகுதி செங்குத்து. பழகுவதென்றால் நடு நிலையமான த்ருப்சேயில் தட்டையான இடம் இருக்கிறது.

பழகுவது பற்றி. முதல் இரண்டு மூன்று நாளுக்கு முழு மலைக்குமான லிஃப்ட் சீட்டு வாங்காதீர்கள், பழகும் இடத்துக்கு மட்டும் தனிச் சீட்டு உண்டு. சகலன் "நானே பழக்குறன்" என்பார். வேண்டாம். கட்டிய மனிசிக்குக் கார் ஓட்டப் பழக்குவது எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியும், இது அதை விட மோசம். பள்ளியில் குழுவாகச் சேருங்கள். மகளை அங்கே பிள்ளைகளோடு விட்டால் மொழி தெரியாவிட்டாலும் பிடித்துவிடுவாள், அவர்கள் பேசுவது சாப்பாட்டு மொழி: பலகை இரண்டின் முனையையும் சேர்த்து பின்பக்கத்தை விரித்தால் "பீட்சா", அது பிரேக், இரண்டையும் நேராக வைத்தால் "பொம்ஃப்ரிட்", அதாவது உருளைக்கிழங்குப் பொரியல், அது ஓடும். என் பெறாமகள் மூன்று வயதில் அப்படிப் பழகினாள். பிறகு அவள் பள்ளிக்கூடத்தோடு ஸ்கீலாகர் என்ற சறுக்கு முகாமுக்குப் போய் வந்து, என்னைப் பார்த்து "மாமா, பீட்சா, பீட்சா!" என்று சரிவு முழுக்கக் கத்துவாள். சீச்சீ, மாமா இல்லை, சித்தப்பா. அவள் ஜெர்மனில் எல்லாரையும் ஒரே சொல்லால் கூப்பிட்டுப் பழகினவள். ஆ, இன்னொன்று, இந்தப் பலகையின் பெயரை எழுதுவது ஸ்கி, ஜெர்மன்காரர் வாயில் வருவது ஷீ. கடையில் ஸ்கி என்று கேட்டாலும் தருவார்கள்.

வாடகைச் சப்பாத்துதான் முதல் நாளின் வில்லன். பிளாஸ்டிக்கால் வார்த்த, முழங்காலுக்குக் கீழே வரை வரும் சப்பாத்து, கொளுவி நாலு. நேராக நின்றால் பெருவிரல் முன்னால் மெல்லத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விரல் பின்னுக்கு விலக வேண்டும், குதி அசையக் கூடாது. குளிருமே என்று இரண்டு சோடி காலுறை போடுவார்கள், போட்டால் மடிப்பு விழுந்து காலைக் கடிக்கும், இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். ஒரே ஒரு நீளக் காலுறை. அதைப் போட்டு நிற்கும்போது உங்கள் கணுக்கால் எலும்புக்கு மேலே முன் எலும்பு சப்பாத்தின் நாக்கில் அழுந்திக்கொண்டே இருக்க வேண்டும், அந்த அழுத்தம்தான் உங்கள் ஸ்டியரிங். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னுக்குச் சாயும், சாய்ந்ததும் பலகையின் முன்பக்கம் பாரம் இழந்து பேச்சுக் கேட்காமல் ஓடும், ஓட ஓட இன்னும் சாய்வீர்கள். கீழே பார்த்து, பள்ளத்தை நோக்கி மார்பைக் கொடுக்க வேண்டும். சொல்ல இலகு. எனக்கு இரண்டு குளிர்காலம் எடுத்தது. பலகையோடு சப்பாத்தைப் பிடிக்கும் பிணைப்பு, விழும்போது கழன்றுவிட வேண்டும், அதை உங்கள் நிறை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், நீங்கள் எவ்வளவு பழகினவர் என்பதை வைத்துத்தான் கடையில் முறுக்குவார்கள். அதனால் நிறையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், கெட்டித்தனத்தைக் கூட்டியும் சொல்லாதீர்கள், முழங்கால் உங்களுடையது.

லிஃப்ட்களில் டி வடிவக் கம்பி ஒன்று இருக்கிறது, ஆளைப் பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். சுவிஸின் டாவோசில் 1934இல் வந்த இழுவை லிஃப்ட்டில் இருந்து வளர்ந்த வகை, இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அதைக் கண்டதும் இருக்கை என்று நினைத்து இருக்கத் தோன்றும். நான் இருந்தேன். கம்பி கயிற்றோடு நீண்டு தரைக்கு வந்தது, நானும் தரைக்கு வந்தேன், எனக்குப் பின்னால் வந்த ஒரு கிழவியும் அவவின் பேரனும் என்மேல் வந்தார்கள். சமையலறையில் இரண்டு வாரம் இதுதான் கதை. இருக்கக்கூடாது, நின்றபடி பின்பக்கத்தைக் கொடுத்தால் அது இழுக்கும்.

இனி உங்கள் பெரியவன். அறுகம்குடாவில் அலைச்சறுக்கு பழகியவன் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் அவன் ஸ்னோபோர்ட் என்ற ஒற்றைப் பலகைதான் கேட்பான், கொடுங்கள். பக்கவாட்டாக நிற்கும் பழக்கம் இருப்பதால் பிடித்துக்கொள்வான். முதல் இரண்டு நாள் பின்பக்கமும் மணிக்கட்டும் அடிவாங்கும், மணிக்கட்டுக் காப்பு கேட்டு வாங்குங்கள். தட்டையான இணைப்புப் பாதைகளில் அவன் நின்றுபோய் ஒற்றைக் காலைக் கழற்றித் தள்ளிக்கொண்டு வருவான், கோபப்படாதீர்கள்.

அவனைப் பற்றி எனக்கு ஒரே பயம், பெரியம்மாவின் மகனுக்குப் பின்னால் போவது. சுவிஸில் மஞ்சள் நிறக் குறியோடு சில பாதைகள் இருக்கும், அவை பனி பெயர்ந்து விழும் பனிச்சரிவு ஆபத்துக்கு எதிராகப் பாதுகாக்கப்பட்டவை, ஆனால் இயந்திரம் சமப்படுத்தாதவை. அதுகூடப் பரவாயில்லை. குறியே இல்லாத வெள்ளைப் பரப்பு, நாலைந்து தடம் மட்டும் தெரியும், அழகாக இருக்கும், அதுதான் ஆளைக் கொல்லும் இடம். 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவில்தான் பெரும்பாலும் பனி பெயர்ந்து வரும். டாவோசில் இருக்கும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலம் முழுக்க நாளாந்தம் ஆபத்து நிலையை 1 முதல் 5 வரை வெளியிடுகிறது. 3 என்றால் நடுத்தரம்தானே என்று நம்மாள்கள் நினைப்பார்கள், ஆனால் ஆகக் கூடுதலான உயிர்கள் போவது அந்த 3இல்தான், 5 என்றால் ஒருவரும் போகமாட்டார்கள் பாருங்கள். நாளைக்கு வாடை அடித்தால் எங்கள் கடலில் எந்தத் தொழிலாளி துணிந்து வள்ளம் இறக்குவான்? அவன் இறக்குவது காற்று எழும்புமோ எழும்பாதோ என்று இருக்கிற நாளில். பெரியவனுக்கு இதைச் சொல்லுங்கள், விளங்கும்.

சரிவில் ஒரே விதியை மட்டும் ஐந்து பேரும் பாடமாக்குங்கள்: முன்னால், கீழே போகிறவருக்கே உரிமை, மேலே இருந்து வருபவர்தான் விலக வேண்டும். நிற்பதென்றால் ஓரத்தில், ஒருபோதும் மேட்டுக்குக் கீழே மறைவில் நிற்காதீர்கள்.

காப்புறுதி. அங்கே வேலை செய்கிறவருக்கு இருக்கும் விபத்துக் காப்புறுதி உங்களுக்குச் செல்லாது. இங்கிருந்து எடுக்கும் பயணக் காப்புறுதியில் குளிர்கால விளையாட்டும் மலை மீட்பும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், ஹெலிகொப்டர் வந்தால் வரும் பில் வீட்டை அடகு வைக்கும் அளவு. தொலைபேசியில் 144 அம்புலன்ஸ், 1414 மீட்பு ஹெலிகொப்டர், இரண்டையும் பதிந்து வையுங்கள்.

உடுப்பில் ஜீன்ஸ் கூடாது, நனைந்தால் பலகை போலாகும். உள்ளே பருத்தியும் கூடாது. எங்கட கறுப்புத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நான் கிரீம் பூசாமல் ஒரு பங்குனி மாதம் திரிந்தேன், உதடு வெடித்து ஒரு கிழமை ரசமும் குடிக்க முடியவில்லை. ஆயிரம் மீட்டர் உயர உயர புற ஊதாக் கதிர் பத்துச் சதவீதம் அளவு கூடும், புதுப் பனி அதில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தில் அடிக்கும், நாடிக்குக் கீழேயும் மூக்குத் துவாரத்துக்குள்ளேயும் எரியும். கண்ணாடி இல்லாமல் ஒருவரையும் விடாதீர்கள், மாமியையும்.

மாமிக்கு இரத்த அழுத்தம் என்றால் 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃபிராவ்யொக் மலை நிலையம் பற்றி முதலில் வைத்தியரைக் கேளுங்கள், ஷைடெக் உயரம் அநேகமாகப் பிரச்சினை தராது. உங்கள் மனைவி இரண்டாம் நாளே பலகையைக் கழற்றி எறிந்தால், எறியக்கூடும், மரச் சறுக்குவண்டி வாடகைக்கு எடுங்கள். அந்தப் பக்கம் சறுக்குவண்டிக்கென்றே தனிப் பாதைகள் இருக்கின்றன, ஃபவுல்ஹோர்ன் மலையில் இருந்து கிராமம் வரை வருவது 15 கிலோமீட்டர், ஆனால் அதற்கு முன்னால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஏறி நடக்க வேண்டும், புதியவர் சின்னப் பாதைகளில் போனால் போதும். பிரேக் உங்கள் குதிக்கால்தான்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பல நிலையங்களில் கொண்டுவந்ததைச் சாப்பிட ஓர் அறை இருக்கும். நான் ரொட்டியும் கட்டைச் சம்பலும் திறந்தபோது பக்கத்து மேசை வெள்ளைக்காரர் மூக்கைத் தேய்த்துவிட்டு, பிறகு ஒரு துண்டு கேட்டார்.

சப்பாத்தை முதல் நாள் பின்னேரமே போய் எடுத்து விடுங்கள், காலையில் கடையில் வரிசை. மாமியின் சப்பாத்துக்கு அடியில் மாட்டும் ரப்பர் முள்ளு அதே கடையில் விற்கும், மறக்காமல் வாங்குங்கள், ஏனென்றால் மாமிமார் சரிவில் விழுவதில்லை, ரயில் நிலையத்தில் இருந்து வீட்டுக்குப் போகிற ஐஸ் பிடித்த ரோட்டில்தான் விழுகிறார்கள்.